இ.எஸ்.ஐ. அட்டையின் மறுபக்கம்

ஆம்பூரில் இ.எஸ்.ஐ. என்றால் ஆஸ்பத்திரி. காய்ச்சல், பிரசவம், கட்டிங் மிஷினில் நசுங்கிய விரல் என்று எதற்கும் அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். வேலை போனாலும் அதே அட்டை பணம் தரும் என்பது ஷூ கம்பெனி லைனில் உட்கார்ந்து அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கும் பெண்கள் பலருக்கு இன்னும் தெரியாது. நம் சங்க வெளியீட்டில் தலைவர்களின் படங்களுக்கு நடுவே இந்தக் கட்டுரைக்கு இரண்டு பக்கம் கேட்டு வாங்கியதற்கு அதுதான் காரணம்.

இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் 1948இல் வந்தது. 1952 பிப்ரவரி 24இல் கான்பூரில் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1955 ஜனவரியில் கோவையில் முதலில் நடைமுறைக்கு வந்தது. நோய், பேறுகாலம், பணியிட விபத்து இவைதான் அன்றைய கணக்கில் இருந்தவை. வேலை இழந்தவனுக்கு மிச்சமிருந்தது 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம்: லே-ஆஃப் என்றால் பாதிச் சம்பளம், ஆட்குறைப்பு என்றால் வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம். அதுவும் முதலாளி தர வேண்டிய பணம். கம்பெனியே நொடித்துப் போனால் யாரிடம் போய் வாங்குவது?

அரசு முதலில் தன் பையைத் திறந்தது பஞ்சாலைகளுக்காக. நிரந்தரமாக மூடிய ஆலைகளின் தொழிலாளர்களுக்கு 1986 செப்டம்பரில் மறுவாழ்வு நிதி வந்தது: முதல் ஆண்டு சம்பளத்தில் 75 சதவீதம், அடுத்த ஆண்டு 50, மூன்றாம் ஆண்டு 25. நல்ல திட்டம்தான், ஆனால் தோல் தொழிலுக்கு அதில் இடமில்லை. சந்தையைத் திறந்துவிட்ட பிறகு 1992இல் தேசியப் புதுப்பித்தல் நிதி அமைத்தார்கள். அது பெரும்பாலும் பொதுத்துறை ஊழியர்களின் விருப்ப ஓய்வுக்கே செலவாகி, 2000இல் மூடப்பட்டது. 1996 ஆகஸ்ட் 28இல் பாலாற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லித் தோல் பதனிடும் ஷாப்புகள் ஆட்டம் கண்ட நாட்களில், இந்த இரண்டு நிதிகளில் எதுவும் நம் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அமெரிக்காவில் கதை வேறு. இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்கென்றே 1962இல் தனி உதவித் திட்டம் கொண்டுவந்தார்கள். உதவித்தொகை, பயிற்சி, ஊர் மாறப் பணம் எல்லாம் அதில் உண்டு. மெய்ன், மாசசூசெட்ஸ் பக்கத்து ஷூ தொழிலாளர்கள் அதில் பயன்பெற்றவர்கள். அவர்கள் பிழைப்பைப் பறித்த இறக்குமதியில் நம் ஊர் ஷூவுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்பதை மறைப்பானேன்! அந்தத் திட்டமும் காலாவதியாகி, 2022 ஜூலை முதல் புது மனுக்களுக்குச் சான்று தருவது நின்றுபோனது. நம் நாட்டில் வேலை எதனால் போனது, இறக்குமதியாலா வெளிநாட்டு வரியாலா என்று அரசு கேட்பதே இல்லை. கேட்பதெல்லாம் ஒன்றுதான்: எப்படி வெளியே வந்தாய்?

இ.எஸ்.ஐ.யில் வேலையிழப்பு நுழைந்தது 2005 ஏப்ரல் 1இல், ராஜீவ் காந்தி பெயரிலான திட்டமாக. ஆலை மூடலிலோ ஆட்குறைப்பிலோ வேலை போனவர்களுக்கு ஆரம்பத்தில் ஆறு மாதப் படி. ஐந்து ஆண்டு சந்தா கட்டியிருக்க வேண்டும். போகப் போக இரண்டு ஆண்டு சந்தா போதும் என்றாகி, படியும் 24 மாதமாக நீண்டது: முதல் 12 மாதம் பாதிச் சம்பளம், அடுத்த 12 மாதம் கால் பங்கு. 2018 ஜூலையில் அடல் பிஹாரி வாஜ்பாய் பெயரில் இன்னொன்று வந்தது. வாழ்நாளில் ஒரே முறை, 90 நாள் வரை, கால் சம்பளம். கொரோனாவில் அதைப் பாதிச் சம்பளமாக உயர்த்தினார்கள். முதலாளி வழியாகப் போகாமல் தொழிலாளியே நேராகக் கிளை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம் என்றும் ஆக்கினார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது இந்த இரண்டாவது மாற்றம்தான்.

மாதம் 12,000 ரூபாய் வாங்கும் ஒரு பெண்ணுக்குச் சம்பளத்தில் இ.எஸ்.ஐ.க்குப் பிடிப்பது 90 ரூபாய். அடல் திட்டத்தில் பாதி வீதம் என்றால் நாளுக்கு 200, 90 நாளுக்கு 18,000. மகளிர் குழுக் கடன் தவணையையும் பிள்ளையின் ஸ்கூல் ஃபீசையும் மூன்று மாதம் தாங்கும்.

ஆனால் ஆர்டர் குறைந்ததும் நடப்பது என்ன? சூப்பர்வைசர் கூப்பிடுவார். "செட்டில்மென்ட் ரெடிம்மா, ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடு." அந்த லெட்டர் ராஜினாமா. கையெழுத்துப் போட்ட நிமிடமே அது ஆட்குறைப்பாகாமல் போகிறது. 15 நாள் கணக்கும் போச்சு, ராஜீவ் திட்டமும் போச்சு. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த லைன்களில் நாம் அஞ்சியதும் இந்த லெட்டரைத்தான்.

வீட்டுத் திண்ணையில் மொக்காசின் அப்பரைக் கையால் தைக்கும் அக்காக்களுக்கு அந்த லெட்டர்கூடக் கிடையாது. ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி; ஏஜென்ட் மூட்டை கொண்டுவராவிட்டால் அன்றோடு வேலை போனது. இ.எஸ்.ஐ. இல்லை. காலணி, தோல் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்தால் படிப்பு, திருமணம், ஓய்வூதியம் என்று உதவிகள் உண்டு, வேலையிழப்புக்கு ஒன்றுமில்லை. நம் சங்கமும் இவர்களைத் தேடிப் போனது தாமதமாகத்தான்.

2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு, ஆட்குறைப்பு செய்யப்பட்டவருக்கு மறுபயிற்சி நிதியாக 15 நாள் சம்பளம் 45 நாளுக்குள் கணக்கில் ஏற வேண்டும் என்கிறது. அரசிடம் அனுமதி வாங்காமல் கம்பெனியை மூடும் வரம்பை 100 பேரிலிருந்து 300 ஆக்கியதும் அதே தொகுப்புதான். அந்த 15 நாள் சம்பளமும் ஆட்குறைப்பு என்று ஆவணத்தில் இருந்தால்தான் கிடைக்கும். ஆகவே லெட்டர் கேட்டால் எழுதும் முன் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். சம்பளச் சீட்டையும் இ.எஸ்.ஐ. எண்ணையும் கையோடு கொண்டுவாருங்கள்.