படித்தவன் கடன்

தாம் வாசித்துக்கொண்டிருக்கும் புஸ்தகத்தின் பெயரை நாலு பேருக்கு அறிவிப்பது வெறும் டம்பம் என்று சிலர் ஏளனம் செய்கிறார்கள். பெயரை மட்டும் அறிவித்துவிட்டு நின்றுவிடுகிறவர்களைப் பற்றி நமக்கும் அதே அபிப்பிராயந்தான். ஆனால் புஸ்தகத்திலுள்ள விஷயத்தை எடுத்துச் சொல்லி, அதில் தமக்கு உடன்பாடு எது, மாறுபாடு எது என்பதையும் தெரிவிப்பது டம்பமாகாது. கல்வி சிலருக்கே உரியதாக வைக்கப்பட்டிருந்த நம் சமூகத்தில், அது படித்தவன் தீர்க்கவேண்டிய கடனாகும். லாகூர் நகரத்தோடு சம்பந்தப்பட்ட இரண்டு நூல்களின் சரித்திரமே இதற்குச் சான்று.

லாகூர்ச் சிறையிலிருந்த பகத்சிங்குக்கு 1929 செப்டம்பரில் 404 பக்கங்கள் கொண்ட நோட்டுப் புஸ்தகம் ஒன்று கிடைத்தது. தாம் வாசித்த நூல்களிலிருந்து வேண்டிய பகுதிகளை அவர் அதில் எழுதி வைத்துக்கொண்டார். மறு வருஷம், தாம் நாத்திகரானது ஏன் என்று சிறையிலிருந்தே ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் தாம் எந்தெந்த ஆசிரியர்களைப் படித்தார் என்பதை ஒளிவின்றிச் சொல்லுகிறார்: பக்கூனினைப் படித்தாராம், மார்க்ஸை ஓரளவும், லெனின், டிராட்ஸ்கி முதலியோரை அதிகமாகவும் படித்தாராம். நிர்லம்ப சுவாமி என்பவரின் நூலையும் குறிப்பிட்டு, அது தெளிவான நாத்திகமன்று என்று குறையும் கூறுகிறார். படித்த நூலை மறைக்கவுமில்லை. படித்தோம் என்பதற்காகப் புகழவுமில்லை. 1931 மார்ச் 23ஆந் தேதி அவர் தூக்கிலிடப்பட்டபோது வயது 23தான். அவ்வருஷம் செப்டம்பரில் லாகூர்ப் பத்திரிகையான ‘தி பீப்பிள்’ அக்கட்டுரையை வெளியிட்டது.

அத்துடன் நின்றிருந்தால், ஆங்கிலம் அறியாத நம் தொழிலாளிக்கு அதனால் என்ன பயன்? ஆங்கிலத்தில் படித்த தோழர் ஜீவானந்தம், படித்ததைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாமல், ‘நான் ஏன் நாத்திகன்?’ என்று தமிழில் தந்தார். அதற்காக 1935இல் அவரும், வெளியிட்ட ஈ.வெ. கிருஷ்ணசாமியும் கைது செய்யப்பட்டார்கள். படித்ததைப் பிறருக்குச் சொல்லுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதைச் சர்க்கார் நன்றாய் அறிந்திருந்தது, நாம்தான் அறியவில்லை.

இரண்டாவது நூல் டாக்டர் அம்பேத்கருடையது. 1936இல் லாகூரில், ஜாதி ஒழிப்புச் சங்கமொன்று கூட்டவிருந்த மகாநாட்டுக்கு அவர் தலைமையுரை எழுதினார். உரையின் சில பகுதிகளை மாற்றவேண்டுமென்று சங்கத்தார் கேட்டார்கள், அவர் ஓர் எழுத்தையும் மாற்ற மறுத்தார், மகாநாடே நின்றுபோயிற்று. மேடையில் பேசமுடியாததை அவர் தம் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டார். அவை இரண்டே மாதத்தில் தீர்ந்தன. அடுத்த வருஷம் வந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையில், நூல் ஏற்கெனவே குஜராத்தியிலும் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். தமிழில் அதைக் கொண்டுவந்தது ஈரோட்டுச் சுயமரியாதை இயக்கம். பேச்சாகக் காதில் விழாதது, வாசிப்பாக நம்மை வந்தடைந்தது.

அச்சானால் மட்டும் போதுமா? பெரியார் 1929 இறுதியில் மலாயாவுக்கு வந்தபோதும், 1935இல் சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ தோன்றியபோதும், தோட்டத்து மக்களில் எழுதப் படிக்கத் தெரியாதவரே மிகப் பலர். பத்திரிகையை ஒருவர் உரக்க வாசிப்பார். மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்பார்கள். நடுவில் நிறுத்தி, கேள்வியும் கேட்பார்கள். காசு கொடுத்து வாங்கியவர் ஒருவர், பயனடைந்தவர் பலர்.

இவ்வளவும் எழுதுகிற நான் யோக்கியனா என்றால், இல்லை. நான் ஆங்கிலப் பள்ளியில் படித்தவன், தோட்டத்துக் கிராணி. ஆங்கிலப் புஸ்தகங்களை இரவில் தனியே வாசித்து, மூடி அலமாரியில் வைத்துவிடுவேன். லயத்திலிருந்த ஒரு மூதாட்டி ஒரு நாள், “ஐயா, ராத்திரியெல்லாம் வெளக்கு எரியுதே, அந்தப் பொஸ்தகத்துல என்னதான் எழுதியிருக்கு?” என்று கேட்டார். “உங்களுக்குப் புரியாது, பாட்டி” என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். மேஜைமேல் இருந்த புஸ்தகமோ, ஜாதி ஒழிப்பைப் பற்றி அம்பேத்கர் எழுதிய அந்நூலேதான்! யாருடைய துன்பத்தைக் குறித்து அது எழுதப்பட்டதோ, அவரிடமே அது உமக்குப் புரியாது என்று சொன்னேன். வேதத்தைக் கேட்கக்கூடாதென்று தடுத்தவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

விசாரணையின்றி மனிதரை அடைத்துவைத்த முகாமினால் பெயர்பெற்ற ஊர் எங்கள் கமுந்திங். அந்த அடைப்புக்கு இடங்கொடுத்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் ஒழிந்தது. அறிவை அடைத்துவைக்கும் வழக்கத்தை ஒழிக்கவோ பார்லிமெண்டு கூடவேண்டியதில்லை. படித்தவன் வாய் திறந்தால் போதும்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே நூலை எடுத்துக்கொண்டு பாட்டியின் வீட்டுத் திண்ணைக்குச் சென்றேன். பாட்டியோடு இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். பத்துப் பக்கம் தமிழில் சொல்லுவதற்குள் இரண்டு மணி நேரமாயிற்று. காரணம், ஒவ்வொரு பக்கத்துக்கும் அவர்களிடம் ஓர் அனுபவம் இருந்தது. புரியாதவன் நான்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

தோழர்களே! நீங்கள் இப்போது என்ன வாசிக்கிறீர்கள்? எங்களுக்கல்ல, பக்கத்து வீட்டாருக்குச் சொல்லுங்கள்.