நீர் நீங்கும் வழி: எத்தியோப்பிய மேட்டுநிலக் கரிசலின் இயல்பும் பயனும்

எத்தியோப்பியாவில் கரிசல் மண் ஏறத்தாழ 126 இலட்சம் ஹெக்டேர் பரப்பில் விரவியுள்ளது. அதில் 76 இலட்சம் ஹெக்டேர் கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேற்பட்ட மேட்டுநிலங்களில் அமைந்திருக்கிறது. ஊட்டத்தையும் ஈரத்தையும் தேக்கி வைப்பதில் அண்டையிலுள்ள செம்மண்ணை விஞ்சும் இம்மண், 1980-களின் மதிப்பீட்டின்படி, மேட்டுநிலங்களில் கால் பங்களவே பயிருக்கு உட்பட்டிருந்தது. மழைக்காலத்தில் நீர் தேங்கும் மண் என்பதே இதற்குக் கூறப்படும் காரணம். அக்கூற்று உண்மையே எனினும் முழுமையானதன்று. நீர்த்தேக்கம் மண்ணின் இயல்பிலிருந்து தோன்றினாலும், அதைத் தீர்ப்பதும் தீர்க்காமல் விடுவதும் நிலத்தைவிட்டு நீர் நீங்கும் வழியை ஊரார் எவ்வாறு வகுத்துக்கொள்கின்றனர் என்பதையே பொறுத்தவை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

மண் வகைப்பாட்டில் இது ‘வெர்ட்டிசால்’ எனப்படும். ‘புரளுதல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து அமைந்த பெயர் அது. எரிமலைக் குழம்பு உறைந்து உருவான பசால்ட் பாறை சிதைந்ததாலும், அச்சிதைவு சரிவுகளிலிருந்து அடித்து வரப்பட்டுச் சமதளங்களில் படிந்ததாலும் உண்டான இம்மண்ணில், குறைந்தது 30 விழுக்காடு களிமண் துகள்கள் இருக்கும்; பல இடங்களில் அது 60 விழுக்காட்டையும் கடக்கும். அக்களிமண்ணின் பெரும்பகுதி ஸ்மெக்டைட் என்னும் கனிமக் குழுவைச் சேர்ந்தது. ஏடு ஏடாக அடுக்கப்பட்ட அதன் படலங்களுக்கிடையே நீர் புகும்போது மண் உப்புகிறது. நீர் வெளியேறும்போது சுருங்கி, ஆழமாகப் பிளக்கிறது. உப்பும் மண்கட்டிகள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளுவதால் அடிமண்ணில் கண்ணாடிபோல் மழமழப்பான வழுக்குப் பரப்புகள் தோன்றுகின்றன. இவ்வகை மண்ணை இனங்காண உதவும் உறுதியான அடையாளங்களுள் அவையும் ஒன்று.

படலங்களின் இவ்வமைப்பே மண்ணின் வளத்துக்கும் இடருக்கும் ஒருசேர வேராகிறது. கால்சியம், மக்னீசியம் முதலிய சத்துகளைப் பற்றி நிறுத்துவதும், மழை ஓய்ந்தபின் பல வாரங்களுக்குப் பயிரைத் தாங்கும் ஈரத்தைச் சேமிப்பதும் அதுவே. முதல் மழை வெடிப்புகளின் வழியே விரைந்து உள்ளிறங்கும். மண் உப்பி வெடிப்புகள் மூடியபின் நீர் உட்புகும் வேகம் ஏறக்குறைய நின்றுவிடும். சூன் முதல் செப்டம்பர் வரை நீளும் ‘கிரெம்ட்’ என்னும் பெருமழைப் பருவத்தில் வயல் சேறாகி, வேர்கள் காற்றின்றித் திணறுவதும், நைட்ரஜன் வாயுவாகி மண்ணைவிட்டு அகல்வதும் இதன் விளைவுகள். காய்ந்தால் கட்டாந்தரையாகவும் நனைந்தால் ஒட்டும் களியாகவும் மாறும் மண்ணில், உழவுக்கு ஏற்ற பதம் சில நாள்களே நிற்கும். கருநிறம் மிகுந்த மக்கைக் காட்டுவதாக எண்ணுவதும் பொருந்தாது. பல வயல்களில் கரிமப்பொருள் குறைவு, நைட்ரஜனும் பாஸ்பரசும் பற்றாக்குறை.

மேட்டுநில உழவர்கள் இவ்வியல்பை நன்கறிந்தே தம் வழக்கங்களை வகுத்தனர். ஈரத்தை ஓரளவு தாங்கும் டெஃப் என்னும் சிறுதானியத்தை மழையின் நடுவே விதைப்பதும், கொண்டைக்கடலையையும் கேசரிப் பருப்பையும் மழை தணிந்தபின் எஞ்சிய ஈரத்தில் விதைப்பதும் அவற்றுள் முதன்மையானவை. இனேவாரிப் பகுதியில் குடும்பத்தார் கையாலேயே மண்ணை வாரி, அகன்ற மேட்டுப்பாத்திகளும் இடையே வடிகால் சால்களும் அமைத்து வந்துள்ளனர். காலங்கடத்தி விதைக்கும் உத்தி பயிரைக் காத்தாலும், பெருமழை முழுவதும் உழுத நிலத்தைப் போர்வையின்றி விடுவதால் மேல்மண் அரிக்கப்படுகிறது; பருவத்தின் பாதி வீணாகிறது. மேலும், நீர்த்தேக்கத்தையும் வறட்சியையும் தாங்கும் கேசரிப் பருப்பை நெருக்கடிக் காலங்களில் மிகுதியாக உண்டதால் கால்களை முடக்கும் நோய் பரவிய துயரம், 1970-களில் தானா ஏரியை ஒட்டிய டெம்பியா, ஃபோகெரா பகுதிகளில் நேர்ந்தது. வயலில் நீர் வடியாமை உழவர் வீட்டு உணவுவரை எட்டுகிறது என்பதற்கு இதனினும் கசப்பான சான்று வேண்டியதில்லை.

1986-இல் தொடங்கிய கூட்டுக் கரிசல் திட்டம், இனேவாரியின் கைவழக்கத்தை ஏரின் வேலையாக மாற்ற முனைந்தது. ‘மாரேஷா’ என்னும் மரக்கலப்பைகள் இரண்டை இணைத்து உருவாக்கிய பாத்தி அமைக்கும் கருவி, ஒரு சோடி எருதுகளால் இழுக்கப்பட்டு, ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் அகலப் பாத்தியையும் 40 சென்டிமீட்டர் சாலையும் அமைத்தது. நீர் சாலில் வடிவதால் கோதுமையை மழையின் தொடக்கத்திலேயே விதைத்து, முன்னதாக அறுவடை செய்ய இயன்றது. இதே கோட்பாட்டின்படி ஹைதராபாத் அருகிலுள்ள பட்டஞ்செருவில் 1976 முதல் நடந்துவரும் ஆய்வில், பாத்தி, உரம், மேம்பட்ட பயிர்முறை ஆகியவை சேர்ந்த நிலம் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 5 டன் தானியம் தர, மரபுமுறை நிலம் 1 டன்னை ஒட்டியே நின்றது.

எனினும் கருவி மட்டும் இச்சிக்கலைத் தீர்ப்பதில்லை. ஒருவர் வயலில் வடியும் நீர் சரிவில் கீழேயுள்ள மற்றொருவர் வயலில்தான் சேரும். பொது வடிவாய்க்கால் இல்லாவிடில் மேல்வயலின் ஆதாயம் கீழ்வயலின் இழப்பாகும், புதிய அரிப்பு ஓடைகளும் தோன்றும். பாத்தியின் பயனை வரம்பிடுவது வயலுக்கு வெளியே உள்ள வடிகால் என்பதால், முதலீடும் திட்டமும் தனி வயலிலிருந்து அல்லாமல் நீர் திரளும் சரிவு முழுவதிலிருந்தும் தொடங்க வேண்டும்.

தமிழகத்தின் கோவில்பட்டி, விளாத்திகுளம் வட்டாரக் கரிசலும் இதே மண் வகையைச் சார்ந்ததே. ஆனால் குறைந்த மழையை நம்பிய அம்மானாவாரி நிலங்களில் உழவரின் கவலை பெரும்பாலும் ஈரத்தைக் காப்பதாகவே இருக்கிறது. ஒரே களிமண் ஓரிடத்தில் வடிகாலையும் மற்றோரிடத்தில் சேமிப்பையும் வேண்டி நிற்பது, நல்ல மண், கெட்ட மண் என்ற பகுப்பு மண்ணின் இயல்பை மட்டும் கொண்டு செய்யத்தக்கதன்று என்பதைத் தெளிவாக்குகிறது. எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் வளம் ஏற்கெனவே மண்ணில் இருக்கிறது; மேல்வயலாரும் கீழ்வயலாரும் சேர்ந்து வெட்டும் பொது வாய்க்காலே அதைப் பயிருக்குக் கொண்டு சேர்க்கும்.