இரும்பும் தோலும்

கர்லாக்கட்டையைக் கையால் தொட்டுப் பார்த்தவர்கள் இன்று நம்மில் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். அடி பருத்து, பிடி சிறுத்து, ஒரு நீளக் கத்தரிக்காயைக் காம்பு மேலே இருக்கும்படி நிறுத்தி வைத்தாற்போல் இருக்கும். அதைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சுழற்றி முன்னால் இறக்குவது ஒரு வித்தை. குஸ்திக் கோதாவுக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்த்து வைத்திருப்பார்கள். எண்ணெயும் வியர்வையும் ஊறிக் கறுத்துப்போன இந்தக் கட்டைதான் கப்பலேறிச் சீமைக்குப் போய், அங்கிருந்து அமெரிக்காவுக்கும் போய், பேஸ்பால் ஆட்டக்காரர்களுக்குத் தோளை வளர்த்துக் கொடுத்தது என்றால் வாசகர்கள் நம்பத் தயங்குவார்கள். ஆனாலும் நடந்தது அதுதான்.

சிப்பாய்கள் கட்டை சுழற்றுவதைப் பார்த்த வெள்ளைக்காரத் துரைமார்கள் அந்தப் பழக்கத்தைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். 1834ல் டொனால்ட் வாக்கர் என்பவர் ஆங்கிலேய வாலிபர்களுக்காக எழுதிய தேகப்பயிற்சிப் புத்தகத்தில் நம் கட்டைக்கும் இடம் கிடைத்தது. 1866ல் நியூயார்க்கில் கெஹோ என்பவர் இதற்கென்றே தனிப் புத்தகம் போட்டார். பந்து வீச்சில் பெயர் வாங்கிய ஸ்பால்டிங் 1876ல் விளையாட்டுச் சாமான் வியாபாரம் தொடங்கினாரே, அவருடைய கம்பெனியும் கர்லாக்கட்டைகளைச் செய்து விற்றது. பனி கொட்டும் மாதங்களில் மைதானத்தில் ஆட முடியாது. கூடத்துக்குள் அடைந்து கிடந்த ஆட்டக்காரர்கள் கட்டை சுழற்றினார்கள். 1904லும் 1932லும் ஒலிம்பிக் பந்தயத்திலேயே கட்டை சுழற்றுவதற்குப் பதக்கம் கொடுத்தார்கள். இரண்டு தடவையும் ஜெயித்தவர்கள் அமெரிக்கர்கள். நம்மவர் யாரும் போகவில்லை. யார் போகச் சொன்னார்கள்?

அப்புறம் அந்த ஆட்டக்காரர்களுக்கு ஒரு பயம் வந்தது. கனமான இரும்பைத் தூக்கினால் தசை கட்டிப்போய்விடும், கை மடங்காது, வீச்சின் வேகம் செத்துவிடும் என்று பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஏறக்குறைய 1970களின் பிற்பகுதி வரை இந்தப் பயம் அவர்களை ஆண்டது. எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. பலம் வேண்டுமானால் அது உழைப்பில் தானாக வரும் என்பது அவர்கள் கட்சி. அதற்குச் சாட்சியும் வைத்திருந்தார்கள். ஹோனஸ் வாக்னர் சிறு வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். மிக்கி மேன்டில் தகப்பனாரோடு சுரங்கத்தில் பாடுபட்டவர். இரண்டு பேருமே ஆட்டத்தில் சூரர்கள். சுரங்கத்தில் பாடுபட்டும் பந்தைத் தொடாமலே செத்துப்போன ஆயிரக்கணக்கான பேரை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த வாதத்தை நான் அமெரிக்கப் புத்தகங்களில் படிப்பதற்கு முன்பே வேலூர், ஆம்பூர்ப் பக்கத்தில் கேட்டிருக்கிறேன். "டேனரியில் தோல் இழுக்கிறவனுக்கு எதுக்குய்யா கசரத்து?" என்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும்.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிய இந்த ஊர்கள் எல்லாம் ஒரு காலத்தில் வடஆற்காடு ஜில்லா. பிறகு வேலூர் மாவட்டம். 2019ல் அதையும் மூன்றாகப் பிரித்து ஆம்பூரைத் திருப்பத்தூரோடு சேர்த்துவிட்டார்கள். பெயர் எப்படி மாறினாலும் காற்றில் வரும் வாசனை ஒன்றுதான். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் இங்கிருந்து சீமைக்குப் போன காலத்தில் எல்லாமே ஆள் பலம். உப்புத் தோலைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், சுண்ணாம்புக் குழியில் இறக்க வேண்டும், எடுக்க வேண்டும், மயிர் கழிக்க வேண்டும். பிறகு வளைந்த மரத்தின் மேல் போட்டு, இரண்டு பக்கமும் பிடியுள்ள கத்தியால் சதை சீவ வேண்டும். ஊறிய எருமைத்தோல் ஒன்று இருபது கிலோவுக்கு மேலேயே இருக்கும். கனத்தைவிட மோசம் அதன் வழுக்கல். பிடிக்கிற இடத்தில் நிற்காது, உயிருள்ள பிராணியைப் போல் நழுவும். பிற்காலத்தில் குரோமியம் வந்தது, சுழலும் பெரிய மர டிரம்கள் வந்தன. முதுகுக்குக் கொஞ்சம் விடுதலை கிடைத்தது. ஆற்றுக்குக் கிடைக்கவில்லை. அது வேறு கதை.

இப்படி வேலை செய்த மனிதர்கள் பலசாலிகள்தான். சந்தேகமில்லை. ஆனால் அவர்களில் எத்தனை பேர் நாற்பத்தைந்து வயதில் நிமிர்ந்து நடந்தார்கள்?

கிரேக்கப் பயில்வான் மிலோவின் கதை ஒன்று உண்டு. அவன் ஒரு கன்றுக்குட்டியைத் தினமும் தூக்கிக்கொண்டு நடந்தானாம். கன்று வளர வளர அவன் பலமும் வளர்ந்து, கடைசியில் முழு எருதையே தூக்கிவிட்டானாம். கதைதான், ஆனால் பளு தூக்கும் சாஸ்திரம் முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது. சுமை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும். டேனரித் தொழிலாளியின் கன்று வளருவதில்லை. அவன் அதே கனத்தை ஒரே நாளில் நூறு தடவை தூக்குகிறான், மறுநாள் மறுபடியும் நூறு தடவை. அதனால் வருவது தாக்குப்பிடிக்கும் சக்தி. பளு தூக்குகிறவனோ ஐந்து தடவை தூக்கிவிட்டு உட்கார்ந்து மூச்சு வாங்குகிறான். அடுத்த வாரம் இரண்டு கிலோ கூட்டுகிறான். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவன் சோம்பேறி மாதிரி தெரியும்.

இன்னொன்று. வேலை செய்கிற நேரத்தில் தசை வளருவதில்லை. அப்போது அது நைந்துபோகிறது. பிறகு உறக்கத்தில், தின்ற பருப்பையும் முட்டையையும் மாமிசத்தையும் கொண்டு உடம்பு அதைப் பழுது பார்க்கிறபோது பழையதைவிடக் கொஞ்சம் கெட்டியாகக் கட்டிக்கொள்கிறது. ஆக, தசைக்கு இரும்பு மட்டும் போதாது. சோறும் உறக்கமும் வேண்டும். ஆம்பூர் பிரியாணியைப் பற்றி ஊர் உலகமெல்லாம் பேசுகிறது. சீரகச் சம்பா அரிசி, எண்ணெய்க் கத்தரிக்காய், எல்லாம் சரி. தினக்கூலிக்காரன் வீட்டில் அது என்றைக்கோ ஒரு நாள். உழைப்பாளி தன் தசையை முதலாளிக்கு வாடகைக்கு விடுகிறான். அதைத் தனக்கென்று வளர்த்துக்கொள்ள அவனுக்கு நேரமும் கிடையாது, தீனியும் கிடையாது. நம் பக்கத்தில் தேகபலத்தின் சரித்திரம் எழுத உட்காருகிறவர்கள் பயில்வான்களின் பட்டப் பெயர்களை அடுக்குவதற்கு முன் இதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது: ஓய்வும் சாப்பாடும் யாருக்குக் கிடைத்தது?

இந்தப் பிரதேசத்தில் அந்த இரண்டையும் ஏழை வீட்டுப் பிள்ளைக்குத் தவறாமல் கொடுத்த இடம் ஒன்று உண்டு. அது பட்டாளம். வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை என்ற கிராமத்துக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். வீட்டுக்கு ஒரு சிப்பாயாவது உண்டு. பட்டாளத்துக்குப் போனவன் மூன்று வேளை சாப்பிட்டான், ஒழுங்காகக் கசரத்து செய்தான், சில பேர் பளு தூக்கவும் கற்றுக்கொண்டார்கள். திரும்பி வந்தபோது பென்ஷனோடு அந்த வித்தையையும் கொண்டுவந்தார்கள். சென்னையில் 1920ல் ஹாரி பக் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஆரம்பித்த தேகப்பயிற்சிக் கல்லூரி வாத்தியார்களை உண்டாக்கியது. பட்டாளம் தகப்பன்மார்களை உண்டாக்கியது என்று சொல்லலாம். 1978ல் கனடாவில் எட்மன்டன் நகரத்தில் நடந்த காமன்வெல்த் போட்டியில் கருணாகரன் தங்கமும் தமிழ்ச்செல்வன் வெள்ளியும் வாங்கிய பிறகு, பளு தூக்குவது தமிழனுக்குப் பொருந்தாத வேலை என்று சொல்ல யாருக்கும் வாயில்லாமல் போயிற்று.

வேலூரை ஒட்டிய சத்துவாச்சாரியில் 1992ல் பிறந்த சதீஷ் சிவலிங்கம் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை. தகப்பனார் பட்டாளத்தில் இருந்தவர், தேசிய அளவில் பளு தூக்கியவர். ஓய்வுபெற்ற பிறகு காவல்காரர் வேலை பார்த்தார். பையனுக்கு முதல் குரு அவர்தான். பையனுக்குப் பின்னால் ரயில்வேயில் உத்தியோகம் கிடைத்தது. உத்தியோகம் என்றால் சம்பளம், சம்பளம் என்றால் சாப்பாடு.

2014ல் கிளாஸ்கோவில் 77 கிலோப் பிரிவில் அவர் ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கிய எடை 149 கிலோ. ஸ்நாட்ச் என்கிறார்களே, அது. அந்தப் போட்டிகளில் அதுவரை அந்தப் பிரிவில் யாரும் அவ்வளவு தூக்கியதில்லை. தோள் வரை கொண்டுவந்து நிறுத்திப் பிறகு மேலே தள்ளும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179. மொத்தம் 328. வெள்ளி வாங்கியவரும் இந்தியர்தான், ரவி கட்டுலு, 317. நூற்றெழுபத்தொன்பது கிலோ என்றால் கம்பி இருபது கிலோ, இரண்டு பக்கமும் மூன்று மூன்று சிவப்புத் தட்டு, ஒவ்வொன்றும் இருபத்தைந்து. மேலே சில்லறை. இடுப்பில் அகலமாக ஒரு தோல் வார். அந்த வாரைப் பார்க்கிறபோது எனக்கு ஆம்பூர் ஞாபகம் வராமல் இருப்பதில்லை. பேஸ்பால் பந்தின் உறைகூட 1974ல் குதிரைத்தோலிலிருந்து மாட்டுத்தோலுக்கு மாறியது என்பதை இங்கே போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.

பேஸ்பால்காரர்கள் இரும்புக்குப் பயப்படுவதை விட்டபிறகு வேறு ஒன்றில் விழுந்தார்கள். 1998ல் எழுபது 'ஹோம் ரன்' அடித்த மார்க் மக்வயர், தான் ஸ்டீராய்டு மருந்து எடுத்துக்கொண்டதை 2010ல் ஒப்புக்கொண்டார். சிரிப்பதற்கு நமக்கு யோக்கியதை இல்லை. 2004ல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் நம் பளு தூக்கும் கோஷ்டியில் இரண்டு பேர் மருந்துச் சோதனையில் அகப்பட்டார்கள். இரும்பு இரண்டு கிலோ ஏறுவதற்கு ஒரு வாரம், சில சமயம் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். காத்திருக்கச் சகிக்காதவர்களுக்காக அந்தக் கடை எப்போதும் திறந்திருக்கிறது. 2008ல் உத்தரப் பிரதேசத்திலிருந்து ஈட்டி எறியும் பையன்கள் இரண்டு பேரை, ரிங்கு சிங், தினேஷ் படேல் என்று பெயர், பந்து வீசுவதற்காக அமெரிக்காவுக்கு அழைத்துப் போனார்கள். ரிங்கு ஒரு லாரி டிரைவரின் பிள்ளை. அங்கே பயிற்சியாளர்கள் அவர்களுக்கு வீச்சு பழக்கிக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பிட்ஸ்பர்க் குழு இரண்டு பேரையும் ஒப்பந்தம் செய்துகொண்டது. நம் கர்லாக்கட்டை போன வழியில் தோள்களே போனது அது முதல் தடவை.

சதீஷ் 2018ல் ஆஸ்திரேலியாவில் கோல்டு கோஸ்ட் போனபோது தொடையில் காயம். அதற்கு முன் நடந்த தேசியப் போட்டியில் 194 கிலோவை முயன்றபோது ஏற்பட்டது. பதக்கம் கிடைக்கும் என்று அவருக்கே நம்பிக்கை இல்லை. ஸ்நாட்சில் 144 வந்தது. கிளீன் அண்ட் ஜெர்க்கில் 173. மொத்தம் 317. நாலு வருஷத்துக்கு முன் தூக்கியதைவிடப் பதினோரு கிலோ குறைவு. அவரை எதிர்த்து நின்ற இங்கிலாந்துக்காரர் ஜாக் ஆலிவர் 171 கிலோவை இரண்டு தடவை முயன்று பார்த்தார். இரண்டு தடவையும் கம்பி கீழே விழுந்தது. சதீஷுக்கு இன்னும் ஒரு முயற்சி பாக்கி இருந்தது. அவர் அதைத் தூக்கவில்லை.