பயிற்றுநருக்கு ஆட்டக்காரர்களின் மதிப்பு எப்படிக் கிடைக்கிறது?

"கோச் சொன்னா கேட்டுத்தான் ஆகணும்!" காற்பந்து ஆடுபவர்களுக்குப் பழகிப்போன வார்த்தை. ஆனால் சொன்னதைக் கேட்பது வேறு, சொன்னவரை மதிப்பது வேறு.

நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கு: கே. ராஜகோபால்.

2010 டிசம்பர் 1. சுசுகி கிண்ணப் போட்டியில் மலேசியாவின் முதல் ஆட்டம். ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் மலேசியா 1-5 எனத் தோற்றது. இப்படி அடி வாங்கினால் பல அணிகளில் ஒருவரை ஒருவர் குறை சொல்வார்கள். பயிற்றுநர் மீதான நம்பிக்கையும் போய்விடும்.

ஹரிமாவ் மலாயா உடையவில்லை. இறுதிச் சுற்றில் மறுபடியும் இந்தோனேசியா. புக்கிட் ஜாலிலில் 3-0, ஜகார்த்தாவில் 1-2. மொத்தம் 4-2. டிசம்பர் 29இல் மலேசியா முதன்முறையாக அந்தக் கிண்ணத்தை வென்றது.

எப்படி?

காரணம் ஒன்று மட்டும் இல்லை. ஆனால் அந்த உறவு ஒரே மாதத்தில் வந்ததல்ல. 2009இல் லாவோஸ் சீ விளையாட்டுப் போட்டியில், 20 ஆண்டுகளுக்குப் பிறகு மலேசியா தங்கம் வென்றபோதும் அவர்தான் பயிற்றுநர். எஸ். குணாளன் உட்பட அந்த இளையர்கள் பலர் 2010 அணியிலும் இருந்தார்கள். அவர் தங்களை நம்புகிறார் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும்.

பதவி இருந்தால் சொல்வதைக் கேட்பார்கள். மதிப்பைச் சம்பாதிக்கணும். யாரை ஆட விடுவது என்பதில் நியாயம் வேணும். தோற்ற நாளில் பழியை ஆட்டக்காரர் தலையில் போடக்கூடாது.

உங்கள் பள்ளி அணியிலும் இதைக் கவனிக்கலாம். பெரிய தோல்விக்கு மறுநாள் எத்தனை பேர் பயிற்சிக்கு வர்றாங்கன்னு பாருங்க.