நற்றாய் யார்?

தமிழ் இலக்கணம் இரு தாயரை அறியும். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். உடன்போக்குச் சென்ற மகளைத் தேடிப் பாலை வழியே நடப்பவள் செவிலி. மனையிலிருந்து புலம்புபவள் நற்றாய். இவ்விருவருள் யார் ஈன்றவள் என்ற ஐயம் எக்காலத்தும் எழுந்ததில்லை. ஒருத்தியின் கருமுட்டையை மற்றொருத்தி சுமக்க இயலும் என்று விஞ்ஞானம் காட்டிய நம் காலத்தில்தான் அந்த உறுதி தளர்ந்தது.

ஆயினும் பிள்ளையில்லாதவள் வேறொருத்தியின் வயிற்றை நாடுவது புதிய செய்தியன்று. ஏறக்குறைய 3750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனை ஆண்ட ஹம்முராபியின் சட்டத்தில், மகப்பேறு விலக்கப்பட்ட பெண்பூசாரி தன் அடிமைப் பெண்ணைக் கணவனுக்கு அளித்துப் பிள்ளை பெறலாம் என்ற விதி உண்டு. பெற்றெடுத்த அவ்வடிமை எசமானிக்கு நிகராகத் தன்னை எண்ணினால், அவளை விற்கலாகாது; அடிமை முத்திரையிட்டு வைத்துக்கொள்ளலாம். பெறாதவளையோ விற்றுவிடலாம்! இராக்கில் கிர்க்கூக் நகருக்கருகே நூஸி என்னுமிடத்தில் அகழ்ந்தெடுத்த களிமண் ஏடுகளிலும் இத்தகைய திருமண ஒப்பந்தம் காணப்படுகிறது.

இவ்வேடுகளைப் படித்த மேனாட்டார் சிலர் அன்னை ஹாஜராவையும் இவ்வரிசையில் நிறுத்துவர். நாம் அதற்கு உடன்படுவதற்கில்லை. பெற்ற பிள்ளையைப் பிறர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கியவரல்லர் அவர். தாகத்தால் துடித்த இஸ்மாயீலுக்காக ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஓடிய தாய் அவர். அந்த ஓட்டத்தை ஹாஜிகள் இன்றும் ஓடுகின்றனர். எசமானனுக்குப் பிள்ளை பெற்ற அடிமைப் பெண்ணை விற்கலாகாது, அவன் இறந்தால் அவள் சுதந்திரமடைவாள் என்று ‘உம்மு வலத்’ சட்டத்தை வகுத்த நம் இமாம்களில் பெரும்பாலோரின் எண்ணத்திலும், பெற்ற வயிற்றுக்கு ஓர் உரிமை உண்டு என்ற கருத்தே நின்றது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1978 ஜூலை 25ஆம் நாள் இங்கிலாந்தில் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. அவ்வாண்டு அக்டோபர் 3ஆம் நாள் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் இரண்டாவது குழந்தை பிறந்தது. (அம்மருத்துவரை அரசு பாராட்டவில்லை, எள்ளியது. 1981இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அது தனிக் கதை.) 1980இல் எகிப்தின் முஃப்தி ஷெய்கு ஜாதுல் ஹக், கணவன் மனைவிக்குள் இம்முறை ஆகும், மூன்றாமவர் நுழைதல் ஆகாது என்று ஃபத்வா அளித்தார்.

மூன்றாமவர் என்பவர் அதே கணவனின் மற்றொரு மனைவியானால்? இவ்வினா 1984இல் மக்காவில் முஸ்லிம் உலக லீக்கின் ஃபிக்ஹ் சபை முன் வந்தது. கருப்பையற்ற முதல் மனைவியின் கருவை இரண்டாம் மனைவி மனமுவந்து சுமக்கலாம் என்று சபை இசைந்தது. கருமுட்டை தந்தவளே தாய். சுமந்தவளோ பால்குடித் தாயின் நிலையில் இருப்பாள் என்றும் கூறியது. பாலருந்தும் பிள்ளை பெறுவதைவிட மிகுதியாக அவள் உடலிலிருந்து இப்பிள்ளை பெறுகிறதன்றோ என்பது அவர்கள் சொன்ன காரணம். அன்னை ஹலீமாவின் பெயரைக் கேட்டு வளர்ந்த நமக்கு அவ்வுவமையின் அழகு எளிதில் விளங்கும்.

மறு ஆண்டே, 1985 ஜனவரியில், அச்சபை தன் அனுமதியைத் திரும்பப் பெற்றது. கருவைச் சுமக்கும் இரண்டாம் மனைவி, அதே வேளையில் தன் கணவனால் தானும் கருவுற்றால், பிறக்கும் இரட்டையருள் எது யாருடைய பிள்ளை? ஒன்று இறந்தால் இறந்தது எவளுடையது? எழுந்த ஆட்சேபணையைக் கேட்டு, சொன்ன தீர்ப்பை ஓராண்டுக்குள் மாற்றிக்கொள்ளும் துணிவு எல்லா நீதிமன்றங்களுக்கும் வாய்ப்பதில்லை. 1986 அக்டோபரில் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி ஏழு முறைகளை ஆராய்ந்து, ஐந்தை விலக்கி, கணவன் மனைவியோடு முடியும் இரண்டை மட்டும் ஏற்றது. ஈன்றவர்களே தாயர் என்னும் அல்முஜாதலா அத்தியாயத்தின் கருத்து இவ்விவாதங்களில் முன்நின்றது. ஷீஆ உலகில் நிலை வேறு: ஈரானில் இம்முறை நடைமுறையில் உள்ளது.

ஐயம் நம் அறிஞர்களுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் நியூஜெர்சியில் 10,000 டாலருக்கு ஒப்பந்தம் செய்து பெற்ற மகளைக் கொடுக்க மனம் வராமல் ஒரு தாய் மறுத்தாள். 1987இல் கீழ்மன்றம் ஒப்பந்தத்தை ஏற்றது. 1988இல் மாநில உச்சநீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. பிள்ளை தந்தையிடம் வளர்ந்தது; பெற்றவளே சட்டப்படி தாய் என்றும் தீர்ப்பானது.

நம் நாட்டிலோ குஜராத்தின் ஆனந்த் நகரம் இத்தொழிலுக்கே பெயர் பெற்றது. 2008இல் அங்கே ஜப்பானியத் தம்பதிக்காக ஒரு பெண்குழந்தை பிறந்தது. பிறக்குமுன்பே அத்தம்பதி பிரிந்துவிட்டனர். கருமுட்டை தந்தவள் ஒருத்தி, சுமந்தவள் ஒருத்தி, வேண்டியவள் ஒருத்தி. மூன்று தாயர் இருந்தும் அதனை ஏந்த ஒருத்தியும் இல்லை. ஜப்பானிலிருந்து பாட்டி வந்தார். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. ‘வாடகைத் தாய்’ என்ற சொல்லை யார் படைத்தாரோ அறியேன். வீட்டுக்குரிய சொல்லை வயிற்றுக்கு ஏற்றியது எனக்கு உவப்பில்லை. ஆயினும் அந்நாளைய வாணிகத்துக்கு அது பொருந்தவே செய்தது.

2021ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாணிகத்தைத் தடை செய்தது. சுமப்பவள் திருமணமாகி, சொந்தப் பிள்ளை உடையவளாய், 25 முதல் 35 வயதுக்குட்பட்டவளாய் இருத்தல் வேண்டும். வாழ்நாளில் ஒருமுறையே சுமக்கலாம். மருத்துவச் செலவும் காப்பீடும் தவிரக் கூலி கூடாது. பிறக்கும் பிள்ளை, வேண்டிய தம்பதியின் பிள்ளையாகவே கருதப்படும் என்கிறது அச்சட்டம். மக்காவிலும் அம்மானிலும் கூடியோர் முடிவோ வேறு. ஆகவே பிறப்புப் பதிவேட்டில் தாயின் பெயர் ஐயமற இருப்பினும், வாரிசு யார், மஹ்ரம் யார் என்ற வினாக்கள் முஸ்லிம் குடும்பத்தில் தீர்வதில்லை. பிள்ளைக்காக ஏங்கும் பெண்ணிடம் இதைச் சொல்வது எளிதன்று. முதுமையிலும் பிள்ளை வேண்டி இறைஞ்சிய ஜகரிய்யா நபி (அலை) அவர்களின் துஆவைத் திருமறை பதிந்து வைத்திருக்கிறது. அந்த ஏக்கத்தை அது இழித்துரைக்கவில்லை.

நம் குடும்பங்கள் சிலவற்றில் பழைய வழியொன்று உண்டு. எடுத்து வளர்க்கும் பிள்ளைக்கு இரண்டு வயது நிரம்புமுன், வளர்ப்பவளின் உடன்பிறந்தவள் பாலூட்டுவாள். ஷாஃபி மத்ஹபின்படி ஐந்து முறை அருந்தினால் பால் உறவு நிலைபெறும். வளர்ப்பவள் அப்பிள்ளைக்குப் பால்வழிச் சின்னம்மாவோ பெரியம்மாவோ ஆகிவிடுவாள். பெண்பிள்ளைக்குக் கணவனின் சகோதரி பாலூட்டினால் அவன் மாமனாவான். பிள்ளை பருவமெய்திய பின்னும் அவர்களுக்கிடையே திரை வேண்டியதில்லை.