கொடுத்தவர் பெயர்

பிறந்த குழந்தையின் பெயரை மரத்தில் அறுத்தோ துணியில் தைத்தோ, அது தூங்கும் அறைச் சுவரில் மாட்டும்படி பரிசளிப்பது இப்போது பெருநகரங்களைத் தாண்டியும் பரவிவருகிறது. இதை வெளியிலிருந்து வந்த மோகம் என்று ஒதுக்குவோர் உண்டு. நம் பழைய வழக்கத்தின் தொடர்ச்சிதான் என்று மகிழ்வோரும் உண்டு. தமிழின் பழைய பாடல்களையும், பெரம்பலூர் மாவட்டத்துக் குரும்பலூரைச் சுற்றிய பெரம்பலூர், அரியலூர் மண்ணின் பழைய சான்றுகளையும் அடுக்கிப் பார்த்தால் இரண்டும் பாதி உண்மைதான். ஒரு குழந்தைக்கென்றே கையால் செய்த பொருளைக் கொடுப்பது இங்கே மிகப் பழையது. அந்தப் பொருள் பேசியது குழந்தையின் பெயரை அல்ல, கொடுத்தவரின் உறவை. மாற்றம் நடந்திருப்பது அந்த இடத்தில்தான்.

பெரியாழ்வார் 9-ஆம் நூற்றாண்டில் பாடிய தாலாட்டுப் பதிகத்தில் கண்ணனுக்கு வரும் பரிசுகள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. மாணிக்கமும் வயிரமும் பதித்த பொன் தொட்டிலைப் பிரமன் அனுப்புகிறான். இந்திரன் கிண்கிணி அனுப்புகிறான். குபேரனும் வருணனும் தத்தம் பங்கை அனுப்புகிறார்கள். பொருளின் அழகு எவ்வளவு விரிகிறதோ அதே அளவுக்கு யார் விடுத்தது என்பதும் அழுத்தமாக வருகிறது. இன்று சீர்வரிசைத் தட்டு இறங்கும்போது 'இது தாய்மாமன் வீட்டுது' என்று உரக்கச் சொல்லும் குரலின் மூத்த வடிவம் அது. இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட இரண்டாம் குலோத்துங்கன் மீது ஒட்டக்கூத்தர் 12-ஆம் நூற்றாண்டில் பாடியதுதான் நமக்குக் கிடைத்துள்ள பிள்ளைத்தமிழ்களில் முந்தையது. பிள்ளைத்தமிழ் என்னும் வகையே குழந்தையைத் தொட்டிலிலும், சிறுபறையோடும், சிறுதேரோடும் வைத்துப் பார்க்கிறது. அதற்கும் பல நூற்றாண்டு முன்பே பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் உருட்டிய மூன்று கால், அதாவது மூன்று சக்கரம், கொண்ட சிறுதேரைச் சொல்கிறது. இன்றைய நடைவண்டிக்கும் சக்கரம் மூன்றுதான். மரத்தச்சன் கை குழந்தையை விட்டு விலகவே இல்லை. ஆனால் அவன் செய்து கொடுத்தவை பிடிக்க, கடிக்க, தள்ளி நடக்க. சுவரில் மாட்டி அண்ணாந்து பார்க்க அல்ல.

எழுத்து எப்போது பரிசில் ஏறியது? பாத்திரத்தில் ஏறியது. வெண்கலக் கிண்ணமோ, வெள்ளிச் சங்கோ, பின்னால் வந்த எவர்சில்வர் குடமோ, வாங்கிய கையோடு பெயர் வெட்டுபவரிடம் போகும். அவர் சிற்றுளியைத் தட்டித் தட்டிப் புள்ளிகளாக எழுத்தைப் பதிப்பார். இதைவிடக் கைப்பட்ட, ஒருவருக்கென்றே ஆன அலங்காரம் வேறு எது? அங்கே பெரும்பாலும் வெட்டப்பட்டது கொடுத்தவர் பெயரும் 'அன்பளிப்பு' என்ற சொல்லும்தான். கோயிலுக்கு விளக்கு வைத்தவர் பெயரைக் கல்லில் வெட்டிய சோழர் காலப் பழக்கத்துக்கும், விசேஷ வீட்டில் பெயர்வாரியாக எழுதும் மொய் நோட்டுக்கும் இது ஒரே வம்சம். குழந்தையின் பெயர் இல்லாததற்குக் காரணமும் உண்டு. தொட்டிலில் இட்டுப் பெயர் சூட்டும் நாள்வரை அதற்கு ஊரறிந்த பெயர் கிடையாது. பரிசோ அதே நாளில் வந்து நிற்கும். தாத்தா பெயரை வைத்த வீட்டில் மருமகள் அதை வாய்விட்டுச் சொல்லவும் தயங்குவாள். கண்ணேறு அச்சத்தில் கன்னத்தில் மை இடும் வீடு, குழந்தையைப் பெயரோடு விளம்பரம் செய்ய விரும்பாததும் இயல்பே.

இதற்கு ஒரு மறுப்பு எழும்: கொடுத்தவர் பெயர் என்பது பெருமையும் கடன் கணக்கும்தானே, அன்பு எங்கே? கணக்கு இருந்தது உண்மை. மொய் திரும்பிச் செல்ல வேண்டியது. சீர் குறைந்ததால் முறிந்த உறவுகளும் உண்டு. ஆனாலும் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு அந்த எழுத்து பிற்காலத்துச் சாட்சி. காதுகுத்துக்கு மடி கொடுக்க வேண்டியவர் யார், நாளை கல்யாணத்தில் முன்னே நிற்க வேண்டியவர் யார் என்பதை அந்தக் கிண்ணம் சொல்லும். இன்னொரு மறுப்பு கனமானது: தொட்டிலும் வெள்ளியும் வசதியுள்ளவர்களுடையவை, கூலி வேலைக்குப் போன தாய்க்கு என்ன இருந்தது? பழைய சேலையில் கட்டிய தூளி இருந்தது. வரப்போர மரக்கிளையிலும் அது தொங்கியது. அதில் எழுத்தே இல்லை, தேவைப்படவும் இல்லை. தாயோ பாட்டியோ உடுத்திப் பழகிய துணி, அந்தப் பிள்ளைக்கு மட்டுமே அடையாளம் தெரிகிற பொருள். என் வாதத்தை இது உடைக்கவில்லை, இன்னும் உறுதியாக்குகிறது.

சுவர் நமக்கு அந்நியமும் அல்ல. தஞ்சாவூர் ஓவியத்தின் வெண்ணெய்க் கண்ணன் கூடத்துச் சுவரில்தான் இருந்தான். கோகுலாஷ்டமிக்கு வாசலிலிருந்து உள்ளே மாவால் இடும் சின்னப் பாதங்கள் தரையில் வரைந்த குழந்தைதான். அங்கெல்லாம் உருவம் தெய்வக் குழந்தையுடையது. தன் வீட்டுப் பிள்ளையே சுவருக்கு உரியது என்று நினைக்கத் தொடங்கியது புகைப்பட ஸ்டுடியோ வந்த பிறகு. பெயர்ப்பலகை அதன் அடுத்த படி. பிள்ளை ஒரு வம்சத்தின் கண்ணி மட்டுமல்ல, தனி ஆள் என்று சொல்லும் இந்தப் புதுமையை, பெண் குழந்தைக்கும் அதே மதிப்போடு செய்யப்படும்போது, நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். வருத்தம் ஒன்றுதான்: அச்சு இயந்திரமும் லேசரும் செய்து தரும் பலகையில் செய்தவர் கையும் தெரிவதில்லை, கொடுத்தவர் உறவும் தெரிவதில்லை. குரும்பலூருக்கு வடக்கே, பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூரில் ஒரே மரக்கட்டையிலிருந்து சிற்பத்தை முழுதாகச் செதுக்கி எடுக்கும் தச்சர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேலைக்கு 2020-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வாகை, மா, வேம்பு போன்ற மரங்களில் தெய்வ உருவங்களும் கோயில் வாகனங்களும் செய்து பழகிய கைகள் அவை. ஒரு பிள்ளையின் பெயரை அந்தக் கைகளிடம் கொடுத்துச் செதுக்கி வாங்கலாம். பலகையின் பின்புறம் மாமனோ அத்தையோ தங்கள் பெயரையும் வெட்டச் சொல்லலாம்.