தானே கரைந்த கட்டிகள்: நாயும் சுண்டெலியும் சொன்னவை

ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளியை எட்டினால் ஆனேக்கல் வட்டம் தொடங்குகிறது. அவ்வட்டத்துப் பொம்மசந்திராவில், நாராயணா மருத்துவ நகர வளாகத்தில் இயங்கும் இம்யுனீல் நிறுவனம், 2025 சனவரியில் கார்-டி சிகிச்சை ஒன்றை நோயாளிகளுக்குக் கொண்டுவந்தது. நோயாளியின் குருதியிலிருந்து டி அணுக்களைப் பிரித்தெடுத்து, புற்றணுவை அடையாளம் காணும் ஏற்பியை மரபணு வழியே அவற்றில் பொருத்தி, பெருக்கி, அவர் உடலுக்கே திருப்பிச் செலுத்துவது இதன் முறை. புற்றை அழிக்கும் வல்லமை குருதியணுக்களுக்கு உண்டு என்னும் துணிபின்மேல் நிற்கும் சிகிச்சை இது. மருந்தேதுமின்றிக் கட்டி கரைந்துபோன நாய்களையும் சுண்டெலிகளையும் கண்டவர்களிடம் இத்துணிபு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இருந்தது. அவர்களுள் பலரை அது ஏமாற்றவும் செய்தது.

நாயிலிருந்து தொடங்குவதே முறை. 1876இல் ரஷ்யக் கால்நடை மருத்துவர் மிஸ்திஸ்லாவ் நோவின்ஸ்கி, ஒரு நாயின் கட்டியிலிருந்து துணுக்கெடுத்து நாய்க்குட்டிக்கு மாற்றி வளரச் செய்தார். நாய்களிடையே புணர்ச்சியால் பரவும் கட்டி ஒன்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஆன்டன் ஸ்டிக்கர் அதை விரிவாக ஆராய்ந்தார். ஆய்வகத்தில் ஏற்றப்பட்ட அக்கட்டி சில திங்கள் வளர்ந்தபின் பல நாய்களில் தானே சுருங்கி மறையும். மறைந்தபின் அந்நாய் அதே கட்டியை மீண்டும் ஏற்காது. 1908இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கிரைலும் பீபியும் ஒரு துணிச்சலான சோதனை செய்தனர். கட்டியை எதிர்த்து நின்ற நாய்களின் குருதியைக் கட்டியுள்ள நாய்களுக்கு ஏற்றினர். சிலவற்றில் கட்டி கரைந்தது. டி அணு என்ற பெயரே இல்லாத காலம் அது.

சுண்டெலியின் கதை இதைவிடக் குழப்பமானது. கோபன்ஹேகனில் கார்ல் ஜென்சன் வெள்ளைச் சுண்டெலியின் மார்பகக் கட்டியைத் தலைமுறை தலைமுறையாக மாற்றி நட்டு, 1903இல் அதை அறிவித்தார். அதன்பின் கட்டி நடாத ஆய்வகமே இல்லை என்னுமளவுக்கு அது பரவியது. அமெரிக்காவின் பஃபலோ நகரில் கேலார்டும் கிளோஸும், கட்டி நடப்பட்ட சுண்டெலிகளுள் சில தாமே குணமடைவதையும், குணமடைந்தவை மறுமுறை நட்டபோது எதிர்த்து நிற்பதையும் கண்டனர். புற்றுக்குத் தடுப்பூசி இதோ வந்துவிட்டது என்ற நம்பிக்கை எங்கும் எழுந்தது. பால் எர்லிக் போன்ற பெரியோரும் இத்துறையில் இறங்கினர்.

நம்பிக்கையைக் கலைத்தவை சுண்டெலிகளின் குலமுறைகளே. எர்னஸ்ட் டிஸ்ஸர், கிளாரன்ஸ் குக் லிட்டில் ஆகியோர் சப்பானிய நடனச் சுண்டெலிகளைப் பிற வகைகளோடு கலந்து வளர்த்தனர். ஒரு குலத்தின் கட்டி அக்குலத்தில் வளர்ந்தது, அயற்குலத்தில் அழிந்தது. 1930களில் இலண்டனில் பீட்டர் கோரர் இதற்கான அடையாளப் பொருளைச் சுண்டெலியின் குருதியணுக்களில் கண்டறிந்தார். உறுப்பு மாற்றத்தில் இன்று நாம் பார்க்கும் திசுப் பொருத்தத்தின் வேர் இதுவே. அதாவது, அச்சுண்டெலிகள் விரட்டியது புற்றை அன்று, அந்நியரை. நலமான தோலை ஒட்டியிருந்தாலும் அவ்வாறே உதறியிருக்கும். 'எதிர்ப்பு' என்னும் ஒரே சொல் இரு வேறு நிகழ்ச்சிகளுக்கு வழங்கியதால் முப்பதாண்டு உழைப்பு திசைமாறிப் போயிற்று. அவ்வுழைப்பிலிருந்தே வேறொரு துறை பிறந்தது என்பதால் அதை வீண் என்றும் சொல்வதற்கில்லை.

பிறகு உட்கலப்பால் வளர்த்த, மரபொற்றுமை மிக்க சுண்டெலிகள் வந்தன. 1957இல் பிரேனும் மெயினும், வேதிப்பொருளால் உண்டாக்கிய கட்டியை அதே குலச் சுண்டெலிகளில் நட்டு, அகற்றி, மீண்டும் நட்டனர். சுண்டெலி அதே கட்டியை மறுத்தது. தன் குலத்தாரின் தோலையோ ஏற்றுக்கொண்டது. அந்நியம் என்ற ஐயம் நீங்கியபின்பும் எஞ்சிய எதிர்ப்பு இதுவே.

இத்தனைக்குப் பின்னும் அந்த ஐயம் 1999இல் திரும்பி வந்தது. அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் செங் சுய் குழுவினர் எஸ்180 என்னும் கொல்லும் புற்றணுக்களைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தினர். ஓர் ஆண் சுண்டெலி மட்டும் சாகவில்லை. மீண்டும் மீண்டும் செலுத்தியும் சாகவில்லை. அதன் சந்ததியில் கணிசமான பங்கு அவ்வாற்றலைப் பெற்றது. வயது முதிர்ந்தவற்றில் கட்டி தோன்றிப் பின் கரைந்தது. 2006இல் அவற்றின் வெள்ளணுக்களைச் சாதாரணச் சுண்டெலிகளுக்கு ஏற்றியபோது அவையும் பிழைத்தன. கிரைலின் குருதியேற்றம் நூறாண்டு கழித்து மறுபிறவி எடுத்தது போலிருந்தது. ஆயினும் எஸ்180 என்பது 1914 முதல் ஆய்வகங்களில் வளர்க்கப்பட்டுவரும், அச்சுண்டெலிக்கு அந்நியமான அணு. பிற சுண்டெலிகளை அதே அணு கொன்றது என்பதால் அந்த ஆணிடம் ஏதோ சிறப்பு இருந்தது உண்மை. அதற்குரிய மரபணு இன்னதென்று அறுதியாகக் காட்டப்படவில்லை.

நாயின் கட்டியும் அந்நியமே என்பது 2006இல் தெரிந்தது. இலண்டனில் ராபின் வைஸ் குழுவினர் இத்தாலி, கென்யா, இந்தியா ஆகிய நாடுகளின் நாய்களிடமிருந்து எடுத்த கட்டிகளைச் சோதித்தனர். கட்டியின் மரபு அதைச் சுமந்த நாயோடு பொருந்தவில்லை. கட்டிகள் மட்டும் தம்முள் பொருந்தின. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒரு நாயின் அணுக்கள் இன்றும் நம் தெருநாய்களில் உயிர்வாழ்கின்றன. வளரும் காலத்தில் அவை தம் திசு அடையாளத்தை மறைத்துக்கொள்கின்றன. கரையும் காலத்தில் அவ்வடையாளம் மீண்டும் வெளிப்படுகிறது, வெள்ளணுக்கள் சூழ்ந்துகொள்கின்றன. தெருநாய்களில் அக்கட்டி எப்போதும் தானே கரைவதில்லை. ஆகவே நம் கால்நடை மருத்துவமனைகளில் வாரம் ஒருமுறை வின்கிரிஸ்டின் ஏற்றுகிறார்கள், பெரும்பாலும் குணமாகிறது. அந்த மருந்து நித்தியகல்யாணியிலிருந்து வருவது. அது கட்டியணுவைக் கொல்வதோடு நிற்பதில்லை. நாயின் நோயெதிர்ப்பையும் கட்டிக்குள் அழைத்து வருகிறது என்று 2018இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

இந்தியக் கல்லூரி ஆய்வகங்களில் மூலிகைச் சாறுகளைச் சோதிக்க இன்றும் பெரிதும் பயன்படுபவை எர்லிக் புற்றணுக்களும் டால்டன் நிணப்புற்றணுக்களும், அவற்றை ஏற்கும் சுவிஸ் வெள்ளைச் சுண்டெலிகளும். சுவிஸ் சுண்டெலிகள் பெரும்பாலும் உட்கலப்பின்றி வளர்க்கப்படுபவை. அணுக்களோ அவற்றுக்குச் சொந்தமல்ல. எர்லிக் அணுக்களைத் தோலடியில் வைத்தால் சாறு ஏதுமின்றியே சில சுண்டெலிகளில் கட்டி சுருங்குவதுண்டு. 'இம்மூலிகை புற்றைக் கரைத்தது' என்ற செய்தி நாளிதழில் வரும்போது, சாறு பெறாத சுண்டெலிகள் எத்தனை, அவற்றுள் எத்தனைக்குக் கட்டி தானே கரைந்தது என்ற இரண்டு எண்கள் ஆய்வேட்டின் அட்டவணையில் இருக்கும். செய்தியில் அவை வருவதில்லை.